எஞ்சின்களை வாங்கிய நாடு, பொறியியலாளரைத் துரத்திய நாடு

யாழ்தேவியைப் பற்றி ஒருமுறையேனும் எழுதிக் கண்கலங்காத ஈழத்துத் தமிழ் எழுத்தாளர் இலர் என்றே சொல்லிவிடலாம். கோட்டை நிலையத்தின் காலைப் பரபரப்பு, யன்னலோர இருக்கைக்கான போட்டி, வவுனியாவைக் கடந்ததும் மாறும் காற்று, ஆனையிறவில் கண்ணைக் கூசவைக்கும் உப்பு வெளி. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வெளியாகும் பழைய மாணவர் சங்க மலர்கள் இந்த நினைவுகளால் நிரம்பி வழிகின்றன. நானும் அவற்றை விரும்பியே வாசிக்கிறேன். ஆனால் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பத்திரிகைத் தொழிலில் கழித்தவன் என்ற முறையில் மூன்று கேள்விகள் என்னை விடாமல் துரத்துகின்றன. அந்த வண்டியை இழுத்த எஞ்சின் எங்கிருந்து வந்தது? அதை ஓடும் நிலையில் வைத்திருந்தவர்கள் யார்? அவர்கள் பின்னர் எங்கே போனார்கள்?

இந்த மூன்றுக்கும் விடை தேடிய கட்டுரை ஒன்றையேனும் அந்த மலர்களில் நான் கண்டதில்லை. விடைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் கிடைக்கும் செய்தி கசப்பானது. இலங்கை அரசு உலகத்தின் பல திசைகளிலிருந்தும் எஞ்சின்களை விலை கொடுத்து வாங்கியது. அந்த எஞ்சின்களை அறிந்த மனிதர்களை விலையின்றி வெளியே அனுப்பியது. அவர்கள் யாருடைய பிள்ளைகளோ, அந்தச் சமூகமாகிய நாம் அவர்களைப் பற்றி எழுதாமலே விட்டுவிட்டோம். இந்தக் கட்டுரை இரு தரப்பாருக்கும் எதிரான குற்றப்பத்திரிகை.

முதலில் ஒரு சொல் விளக்கம். அமெரிக்காவில் எஞ்சினை ஓட்டுபவரையே எஞ்சினியர் என்பார்கள். நமக்கு அவர் சாரதி. நான் இங்கே பேசுவது எஞ்சினுக்குப் பொறுப்பான பொறியியலாளரைப் பற்றி. எந்த எஞ்சின் கடுகண்ணாவை ஏற்றத்தில் எத்தனை பெட்டிகளை இழுக்கும் என்று கணக்கிடுபவர் அவர். சில்லு எவ்வளவு தேய்ந்தால் கழற்ற வேண்டும், எந்தப் பாகத்தை எத்தனை மணித்தியால ஓட்டத்திற்குப் பின் மாற்ற வேண்டும் என்று விதிப்பவரும் அவரே. இலங்கையில் இது எளிய வேலையன்று. கடுகண்ணாவையில் பாதை 45 அடிக்கு ஓர் அடி வீதம் ஏறுகிறது. பட்டிப்பொலைக்கு அருகே 6,200 அடி உயரத்தைத் தாண்டுகிறது. கரையோரப் பாதையில் வெள்ளவத்தையைக் கடக்கும்போது ஒரு புறம் வீடுகள், மறுபுறம் அலை. அங்கே கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்கிறது. வடபாதையோ நீண்ட சமதரை. வெயிலும் வேகமுமே அங்கே சோதனை. நீராவிக் காலத்தில் வடக்கின் சுண்ணக்கல் நீர் வேறொரு தொல்லை. கொதிகலனின் உட்சுவரில் அந்நீர் படியவிடும் சுண்ணாம்பைச் சுரண்டியெடுப்பதே தனி வேலையாக இருந்தது. இத்தனை வேறுபாடுகளையும் ஒரே திணைக்களத்தில் கற்றுத் தேர்ந்த ஒருவர் உலகின் எந்தப் பாதையிலும் வேலை செய்ய வல்லவர். அந்தத் தகுதியே அவருக்கு நாடு கடக்கும் கதவாகவும் அமைந்தது.

நாடு நாடாகச் சென்று தொழில் புரிந்த புகையிரதப் பொறியியலாளருக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் கில்போர்ட் மோல்ஸ்வர்த் என்ற ஆங்கிலேயரைக் காட்டலாம். 1828இல் பிறந்தவர். இங்கிலாந்தில் புகையிரதப் பாதையிலும், பின் மான்செஸ்டரில் வில்லியம் ஃபெயார்பேர்னின் இயந்திரப் பட்டறையிலும் தொழில் பயின்றவர். 1859இல் இலங்கைக்கு வந்தார். 1862இல் புகையிரதத்தின் பிரதம பொறியியலாளர், 1865இல் அதன் தலைமை அதிகாரி. கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு முதல் வண்டி ஓடியதும் (1864), கண்டிக்குப் பாதை எட்டியதும் (1867) அவர் காலத்தில்தான். 1871இல் இந்திய அரசின் ஆலோசனைப் பொறியியலாளராகப் போனார். ஓய்வு பெற்ற பின்னரும் விடவில்லை. 1899இல் உகண்டாப் புகையிரதத்தைப் பார்வையிட்டு அறிக்கை எழுதினார். பொறியியல் சூத்திரங்களைத் தொகுத்து அவர் வெளியிட்ட சட்டைப்பைக் கையேடு பல தலைமுறைப் பொறியியலாளரின் கையில் இருந்தது. 'சேர்' பட்டமும் பெற்று 1925இல் மறைந்தார்.

அவரது திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் எங்கு சென்றாலும் அவருக்குப் பின்னால் ஒரு பேரரசு நின்றது. ஒரு நாட்டில் பெற்ற அனுபவம் அடுத்த நாட்டில் பதவி உயர்வாக மாறியது. போன இடங்களிலெல்லாம் அவர் பெயர் கோப்புகளில் ஏறியது. ஆகவே 160 ஆண்டுகள் கழித்தும் அவரைப் பற்றி என்னால் திகதியோடு எழுத முடிகிறது. அதே கடுகண்ணாவைச் சரிவில் பாறை உடைத்தும் மண் சுமந்தும் நோயில் மடிந்த தமிழகத்துத் தொழிலாளருள் ஒருவரது பெயரையாவது அவ்வாறு எழுத முடியுமா?

எங்கள் ஆட்களும் நாடு கடந்தார்கள். மலாயாவின் முதல் புகையிரதப் பாதை தைப்பிங் நகரிலிருந்து போர்ட் வெல்ட் துறைக்கு 1885 ஜூன் முதலாம் திகதி திறக்கப்பட்டது. அதை அமைக்க இலங்கையிலிருந்து 'பயனியர்' படைப் பிரிவுகள் கொண்டுசெல்லப்பட்டன. அதன் பின் யாழ்ப்பாணத்து ஆங்கிலப் பாடசாலைகளில் படித்த இளைஞர் கப்பல் கப்பலாகப் போனார்கள். எழுதுவினைஞர், நிலைய அதிபர், தந்தி இயக்குநர், வரைவாளர், தொழில்நுட்ப உதவியாளர் என்று மலாயாப் புகையிரதத்தின் நடுத்தட்டை அவர்களே நிரப்பினார்கள். கோலாலம்பூரில் செந்தூல் பட்டறையைச் சுற்றியும் பிரிக்ஃபீல்ட்ஸ் குடியிருப்புகளிலும் தமிழ் ஒலித்தது இதனாலேதான். 'மலாயன் பென்சன்' என்ற சொல் யாழ்ப்பாணத்துக் கல்யாணப் பேச்சுகளில் புழங்கியதை என் தலைமுறையினர் அறிவர். பென்சனைப் பற்றிப் பேசினோம். அது எந்த வேலைக்குக் கிடைத்த பென்சன் என்று கேட்டோமா?

இனி யாழ்தேவிக்கு வருவோம். இலங்கையின் முதல் பிரதான பாதை டீசல் எஞ்சின்கள் பிரித்தானியாவின் பிரஷ் பக்னல் நிறுவனத்திலிருந்து 1952, 53 ஆண்டுகளில் வந்த எம்1 வகை 25 எஞ்சின்கள். அவற்றைத் தொடர்ந்து, கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா வழங்கிய எம்2 வகை 1954 முதல் வந்து சேர்ந்தது. 1966 வரையில் மொத்தம் 14. அவற்றுள் முதலாவதன் எண் 569, பெயர் 'ஒன்ராறியோ'. அடுத்தடுத்தவை 'அல்பேர்ட்டா', 'சஸ்கச்சுவான்' எனக் கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கின. அவை ஒன்ராறியோ மாகாணத்தின் லண்டன் நகரில், ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, கொட்டாஞ்சேனைக்கும் மருதானைக்கும் அப்பால் தெமட்டகொடைக் கொட்டகையையும் இரத்மலானைப் பட்டறையையும் அவை வந்தடைந்தன. முப்பது ஆண்டுகள் கழித்து, அந்த எஞ்சின்களின் பின்னால் அமர்ந்து பயணம் செய்த மக்கள் அகதிகளாகி அதே ஒன்ராறியோவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எஞ்சின் இங்கே வந்தது, மனிதர் அங்கே போனார்கள். இந்தப் பண்டமாற்றைப் பற்றி நம்மவர் எவரும் எழுதாதது எனக்கு வியப்பே.

எம்2 ஒரு நல்ல எஞ்சின். அதன் உருளைகளில் ஒன்று பழுதானால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம். முழு எஞ்சினையும் இறக்க வேண்டியதில்லை. ஆனால் எவ்வளவு நல்ல இயந்திரமும் தன்னைத்தானே பேணிக்கொள்ளாது. டீசலுக்கு மாறிய அந்தக் காலத்தின் தலைமகன் பி. டி. ரம்பால. திணைக்களத்தில் பயிலுநராகச் சேர்ந்து, 1949இல் பிரதம இயந்திரப் பொறியியலாளர் பதவிக்கு வந்த முதல் இலங்கையர். 1955இல் பொது முகாமையாளர். 1956இல் இலண்டனிலுள்ள எஞ்சின் பொறியியலாளர் நிறுவனம் அவரை ஆசியாவின் தலைசிறந்த டீசல் பொறியியலாளராகப் பாராட்டியது. அவர் சிங்களவர். அவரை நான் மனமாரப் போற்றுகிறேன். வடக்குக்கான விரைவு வண்டிக்கு இரு மொழியினருக்கும் விளங்கும்படி 'யாழ்தேவி' என்று பெயர் வாய்த்ததும் அவரது நிருவாகக் காலத்திலேதான். பட்டறையில் கையழுக்காகி வளர்ந்த ஒருவரை உச்சிக்குக் கொண்டுவந்த திணைக்களம் அன்று இருந்தது என்பதற்கு அவரே சான்று. அந்தத் திணைக்களத்துக்கு என்ன நேர்ந்தது என்பதே என் வழக்கு.

திகதிகளைப் பாருங்கள். 1956 ஏப்ரல் 12இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா பிரதமரானார். ஏப்ரல் 23இல் யாழ்தேவி முதன்முறையாகக் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு ஓடியது. ஜூன் 5இல் தனிச் சிங்களச் சட்டமூலம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. காலிமுகத்திடலில் அறவழியில் அமர்ந்திருந்த தமிழ்த் தலைவர்கள் அன்றே தாக்கப்பட்டார்கள். வடக்கையும் தெற்கையும் ஒரு பகற்பொழுதுக்குள் இணைத்த வண்டிக்கும் அவற்றைப் பிரித்த சட்டத்துக்கும் இடையே ஆறு வாரந்தான்.

அந்தச் சட்டம் பட்டறைக்குள் எவ்வாறு நுழைந்தது? அரச ஊழியர் குறித்த காலத்துக்குள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைகளில் சித்தியடைய வேண்டும். இல்லையேல் சம்பள உயர்ச்சி நிற்கும், பதவி உயர்வு நிற்கும், இறுதியில் வேலையும் நிற்கும். இதை எதிர்த்து வழக்காடிய அரச எழுதுவினைஞர் கோடீஸ்வரனின் பெயர் சட்ட வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். 1967இல் உயர்நீதிமன்றத்தில் தோற்றார். 1969இல் இலண்டன் பிரிவி கவுன்சில், அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்குத் தொடரலாம் என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. வழக்காடாமல் அமைதியாகப் பெட்டி கட்டியவர்களின் பெயர்களைத்தான் எவரும் குறித்துவைக்கவில்லை.

துரத்தும் பழக்கம் 1956இல் தொடங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1939இலேயே அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்திய வம்சாவளித் தொழிலாளரை வெளியேற்றும் முடிவு எடுக்கப்பட்டது. அதைப் பற்றிப் பேசவே அவ்வாண்டு ஜூலையில் ஜவாகர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். இலங்கை இந்திய காங்கிரஸ் பிறந்ததும் அப்போதே. அன்று யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்கள் அதைத் தம் பிரச்சினையாகக் கருதவில்லை. முதலில் துடைப்பவரையும் கரி அள்ளுபவரையும் அனுப்பினார்கள். பதினேழு ஆண்டுகளுக்குப் பின் வரைபடம் வரைபவரின் முறை வந்தது.

வெள்ளவத்தையில் கடற்கரையை அண்டிய தொடர்மாடி ஒன்றில் வாழ்ந்த ஓய்வுபெற்ற எஞ்சின் பொறியியலாளர் ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன் சந்தித்தேன். பெயர் வேண்டாம் என்றார், மதிக்கிறேன். இளமையில் கொட்டாஞ்சேனையில் பலர் சேர்ந்து தங்கும் சமறி ஒன்றில் இருந்துகொண்டு தொழில் பழகியவர். இங்கிலாந்தில் பயிற்சி. திரும்பி வந்து சில ஆண்டு வேலை. பிறகு மேற்கு ஆபிரிக்காவில் ஒரு நாடு, தென்பகுதியில் இன்னொரு நாடு, கடைசியில் பிள்ளைகளுடன் கனடா. மனைவி இறந்தபின் மீண்டும் கொழும்பு. ஆபிரிக்காவில் இவரிடம் பழகிய இளைஞருள் ஒருவர் பின்னர் அந்த நாட்டுப் புகையிரதத்தில் உயர்பதவிக்கு வந்ததைச் சொல்லும்போது மட்டுமே முகத்தில் ஒளி வந்தது. சிங்களம் கற்க மறுத்தீர்களா என்று கேட்டேன். சிரித்தார். "பட்டறையிலை முழுநாளும் சிங்களந்தான் தம்பி கதைச்சனான். பாஷை தெரியாமல் இல்லை. சோதனை எழுதித்தான் நான் இந்த நாட்டுக்காரன் எண்டு காட்டவேணும் எண்டதுதான் மனதுக்கு ஏறேல்லை. எஞ்சினுக்கு என்ன பாஷை? ஒயில் குறைஞ்சால் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் சத்தம் போடும்."

இப்போது அவர் இல்லை. அவருடைய சேவைப் புத்தகம் எங்கே போயிற்றென்று எனக்குத் தெரியாது.

இங்கே சிலர் இரண்டு மறுப்புகளைச் சொல்வார்கள். பொறியியலாளர் எங்கும் பணத்துக்காகப் போகிறவர்தாமே, சட்டத்தை ஏன் குறை சொல்ல வேண்டும் என்பது ஒன்று. பணத்துக்காகப் போனவர்களும் உண்டு; சிங்களவரும் போனார்கள். ஆனால் போவது வேறு, திரும்பி வர இடமில்லாமற் போவது வேறு. மோல்ஸ்வர்த் உகண்டாவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிப் போனார். நம்மவர் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களைப் புதுப்பித்தபடி நாடு நாடாக அலைந்தார்கள். திரும்பி வர எண்ணியவருக்கு ஊரிலிருந்து வந்த செய்தி என்ன? 1958 மே மாதம் பொலன்னறுவை நிலையத்தில் தமிழ்ப் பயணிகளைத் தேடித் தாக்கினார்கள். ஏறாவூருக்கு அருகே வண்டியைத் தடம்புரட்டினார்கள். அக்கலவரம் தொடங்கியதே புகையிரதத்தில்தான். 1977இல் அநுராதபுரம் நிலையத்தில் தமிழ்ப் பயணிகள் தாக்கப்பட்டார்கள். 1983 ஜூலையில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரிந்தன. இதற்குப் பிறகு எவர் சூட்கேசைத் திருப்பிக் கட்டுவார்?

சிறிய நாடு எஞ்சினைச் செய்யவா முடியும், வாங்கத்தானே வேண்டும் என்பது இரண்டாவது மறுப்பு. வாங்கட்டும். ஆனால் வாங்கிய பட்டியலைப் படியுங்கள். 1975இல் மொன்றியலிலிருந்து எம்4. 1979இல் ஜப்பானின் ஹிட்டாச்சியிடமிருந்து எம்5, ஜெர்மனியின் ஹென்ஷலிடமிருந்து எம்6. 1981இல் மீண்டும் பிரித்தானியாவிலிருந்து எம்7. 1996இல் இந்தியாவின் வாரணாசியிலிருந்து எம்8. 2000இல் பிரான்சின் அல்ஸ்டொமிடமிருந்து எம்9. 2012இல் மீண்டும் வாரணாசி, எம்10. கடன் கிடைத்த திசையிலெல்லாம் எஞ்சின் வந்தது. ஒவ்வொன்றுக்கும் வேறு வரைபடம், வேறு உதிரிப்பாகம், வேறு பயிற்சி. எம்5 எஞ்சின்களுட் பலவற்றின் உள்ளிருந்த டீசல் இயந்திரத்தையே பின்னாளில் பிடுங்கி வேறு நிறுவனத்தின் இயந்திரத்தைப் பொருத்த நேர்ந்தது. எதை வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது என்று அமைச்சருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று சொல்ல அனுபவம் முதிர்ந்த பொறியியலாளர் கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதியை நாம் லூசாக்காவுக்கும் லாகோஸுக்கும் ஏற்றுமதி செய்திருந்தோம்.

இதற்கிடையில் எழுபது ஆண்டுகளைக் கடந்தும் எம்2 எஞ்சின்கள் சில இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2004 டிசம்பர் 26இல் பெரலியவில் ஆழிப்பேரலை அடித்துச் சென்ற மாத்தறை வண்டியை இழுத்துப் போனது எம்2 வகையில் 591ஆம் இலக்க 'மனிட்டோபா'. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட உலகின் மிகக் கொடிய புகையிரதப் பேரழிவு அது. புரட்டிப்போடப்பட்ட அந்த எஞ்சினையே திருத்தி மீண்டும் தண்டவாளத்தில் ஏற்றினார்கள் நம் நாட்டுத் தொழிலாளர். கை இங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அதைச் செய்து வளர்த்த லண்டன் தொழிற்சாலையோ 2012இல் மூடப்பட்டுவிட்டது.

சிறிய நாடு என்ற சாட்டுக்கு இன்னும் ஒரு பதில் உண்டு. யாழ்தேவி ஓடத் தொடங்குவதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 1955 அக்டோபர் 2இல், சென்னை பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதற்குத் தொழில்நுட்பம் கற்றுக்கொடுத்தது சூரிச்சுக்கு அருகிலுள்ள ஷிலீரன் ஊரின் நிறுவனம். சுவிற்சர்லாந்து இலங்கையைவிடப் பரப்பளவில் சிறிய நாடு என்பது நினைவிருக்கட்டும். பெரம்பூர் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. கற்றவர்களைக் கையில் வைத்துக்கொண்டது. இந்திய அரசியலிலும் மொழிச் சண்டை இருந்தது. 1965இல் தமிழகம் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கொந்தளித்தது. ஆனாலும் ஆங்கிலம் தொடரும் என்ற வாக்குறுதி காப்பாற்றப்பட்டது. ஒரு தமிழ்ப் பொறியியலாளர் பரீட்சை எழுதாத குற்றத்துக்காகப் பெரம்பூரிலிருந்து வெளியேற வேண்டியிருக்கவில்லை. 2018இல் முதல் வந்தே பாரத் வண்டி அங்கிருந்துதான் புறப்பட்டது. இலங்கையில் அண்மைக் காலத்தில் ஓடும் எஸ்13 வகைத் தொடர்வண்டிகளும் அதே பெரம்பூரில் செய்யப்பட்டவையே. ஒரே காலத்தில் புறப்பட்ட இரண்டு பேருள் ஒருவர் செய்பவரானார்; மற்றவர் வாங்குபவரானார்.

நடுநிலையாக எழுதுகிறவன் நம் பக்கத்துக் கணக்கையும் வைக்க வேண்டும். 1985 ஜனவரியில் முறிகண்டிக்கு அருகே யாழ்தேவியைத் தகர்த்தது தமிழ் ஆயுதக் குழு. அது படையினரை ஏற்றிவந்தது என்பது அப்போது சொல்லப்பட்ட நியாயம். 1990 ஜூனுடன் வண்டி யாழ்ப்பாணத்துக்குப் போவது நின்றது. அதன் பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குக் கூரையாகின. இதில் இரு தரப்புக்கும் பங்குண்டு. 1905இல் கொழும்போடு இணைந்த பாதை மண்மேடாயிற்று. அது மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியது 2014 அக்டோபர் 13இல், காங்கேசன்துறையை எட்டியது 2015 ஜனவரியில். இந்தியக் கடன், இந்தியாவின் இர்கொன் நிறுவனம். திறப்புவிழாவில் மேளம் கொட்டி மகிழ்ந்தோம். மலாயாவில் பாதை போடப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் தம் சொந்த ஊர்ப் பாதையைப் போட வெளியாரைப் பார்த்துக் காத்திருந்தது எவருக்கும் உறுத்தவில்லை.

தமிழும் அரச கரும மொழி என்று 1987இன் 13ஆவது திருத்தம் எழுதிவைத்தது. 31 ஆண்டுகள் தாமதம். போனவர்கள் திரும்பவில்லை. பாடமும் கற்கப்படவில்லை. 2022இன் பொருளாதார வீழ்ச்சியில் மீண்டும் ஒருமுறை தொழில் தெரிந்தோர் வரிசையில் நின்று கடவுச்சீட்டு எடுத்தார்கள். இம்முறை சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடில்லை. அவ்வாண்டு இறுதியில் அரச ஊழியரின் ஓய்வு வயது 60 ஆகக் குறைக்கப்பட்டபோது அனுபவசாலிகள் ஒரே நாளில் வெளியேறினார்கள். 2023 ஜனவரியில் ஆளில்லாமல் வண்டிகள் ரத்தாயின. எஞ்சின் இருந்தது, எரிபொருளும் இருந்தது. மனிதர் இல்லை. 1956இல் ஒரு சாராருக்குச் செய்ததை நாடு பின்னர் எல்லாருக்குமே செய்யப் பழகிவிட்டது. ஒரு சமூகத்தைத் துரத்தப் பழகிய அரசுக்குத் தன் சொந்த மக்களைப் பேணும் பழக்கமும் போய்விடும் என்பதற்கு இந்த ரத்தான வண்டிகளே சாட்சி.

அரசைத் திட்டுவது எனக்கு எளிது, வாசகருக்கும் இனிது. இனி வருவது இனிக்காது. நம் சமூகம் யாரைக் கொண்டாடுகிறது? வைத்தியரை, சட்டத்தரணியை, கணக்காளரை, கோயில் தர்மகர்த்தாவை. மலர்களின் முதற் பக்கங்களில் கோட்டும் சூட்டுமாய் இவர்களே நிற்கிறார்கள். எண்ணெய்க் கறை படிந்த மேலங்கியுடன் ஓர் எஞ்சினுக்கு அருகே நிற்கும் மனிதரின் படம் எந்த மலரில் வந்தது? பொறியியலாளரே ஆயினும் 'எஞ்சினியர்' என்ற பட்டத்தைப் பெருமையாகச் சொல்வோம். அவர் எதைத் திருத்தினார் என்று கேட்கமாட்டோம். அவருக்குக் கீழே நின்ற பொருத்துநர், கொதிகலன் செய்வோர், சாரதி, தீயெரிப்பவர் ஆகியோரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இழப்பைப் பாடத் தெரிந்த நமக்கு உழைப்பைப் பதியத் தெரியவில்லை.

செய்யக்கூடியது உண்டு, பணமும் அதிகம் வேண்டாம். ரொறன்ரோவிலோ கோலாலம்பூரிலோ வெள்ளவத்தையிலோ, புகையிரதத்தில் வேலை பார்த்த தந்தையோ பாட்டனாரோ உள்ள வீட்டார் இந்த வாரமே அலுமாரியைத் திறவுங்கள். நியமனக் கடிதம், பயிலுநர் உடன்படிக்கை, சேவைப் புத்தகம், வெளிநாட்டு ஒப்பந்தம், எஞ்சினுக்கு அருகில் எடுத்த படம், எது கிடைத்தாலும் படியெடுங்கள். ஆள் உயிரோடிருந்தால் கைத்தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். எந்த ஊரில், எந்த எஞ்சினில், என்ன பழுது, எப்படித் திருத்தினீர்கள் என்று கேளுங்கள். வேலையைப் பற்றிக் கேட்டால் முதியவர்கள் வாய் திறப்பார்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்து இணையத்தில் வைத்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்களுக்கு அவற்றைக் கொடுங்கள். பழைய மாணவர் சங்கங்கள் அடுத்த மலரில் யாழ்தேவிக் கவிதையைக் குறைத்து ஒரு தொழிலாளியின் சேவை வரலாற்றைப் போடட்டும்.

அரசுக்கும் ஒன்று. அடுத்த கொள்வனவு ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன், இரத்மலானையிலும் தெமட்டகொடையிலும் எத்தனை பொறியியலாளர் இடங்கள் வெறுமையாக உள்ளன என்ற கணக்கை வெளியிடுங்கள். வடக்கிலும் மலையகத்திலும் பிறந்த பிள்ளை தன் மொழியில் விண்ணப்பித்து, தன் திறமையால் மட்டும் அந்தப் பட்டறைக்குள் நுழைந்து, ரம்பாலவைப் போல உச்சிவரை ஏற வழி இருக்கிறது என்று காட்டுங்கள். அது வரையில் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு புதிய எஞ்சினோடும், அதைத் திருத்தத் தெரிந்த ஒருவர் கட்டுநாயக்காவில் விமானம் ஏறிக்கொண்டுதான் இருப்பார்.